கம்பி இல்லாத வருஷத்துக் குருவிகள்

என் வயசுக்காரர்கள், அதாவது முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் காலத்தில் மழை வரப்போகிற சேதியை உங்கள் ஊரில் யார் சொன்னார்கள்? ரேடியோ என்பீர்கள். ரேடியோ சொன்னதை யார் கேட்டோம்? பாட்டு முடிந்ததும் திருகி மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சில ஊரில் எறும்பு சொல்லும், சில ஊரில் தும்பி. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் குருவி சொல்லும்.

புத்தகத்தில் அதற்குத் தகைவிலான் என்று பேர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பேரை எங்கள் ஊரில் ஒருத்தர் சொல்லியும் நான் கேட்டதில்லை. கம்பிக் குருவி என்போம். முதுகு கருநீலம், வெயில் பட்டால் ஒரு மினுக்கு. நெற்றியிலும் தொண்டையிலும் சுட்ட செங்கல் நிறம், வயிறு வெளுப்பு, வால் ரெண்டாகப் பிரிந்து கத்தரிக்கோலை விரித்த மாதிரி இருக்கும். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி பிறந்தோ ஒரு நாள் காலையில் பார்த்தால், ஏரிக்குக் குறுக்கே மோட்டார் கொட்டகைகளுக்குப் போகிற கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முந்தின நாள் ஒன்றுகூட இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிறுத்தி வைத்த மாதிரி ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. நெருங்கி உட்கார்ந்தால் பக்கத்துக் குருவி கொத்தும்.

அது உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமி, ஒரு அமாவாசை. அதற்கப்புறம் அடைமழை. இதுதான் ஊர் வழக்கம். இடையில் சாயங்கால மழை ஒன்றிரண்டு வரும், அது சும்மா வாசல் தெளித்துவிட்டுப் போகும். அடைமழை வேறு. வைக்கோல் போருக்குக் குல்லாய் போடுவது, விறகை உள்ளே எடுப்பது, செங்கல் சூளை மூட்டுவது எல்லாம் அந்த ஒரு மாசத்துக்குள். ஊரில் யார் வீட்டிலாவது வேலை நின்றுபோயிருந்தால், "குருவி வந்துட்டுது, இன்னும் என்னா ஒக்காந்துக்கினு கெடக்கிற" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதே சாடையில் இன்னொரு குருவி உண்டு. பனைமரத்தைச் சுற்றி வருஷம் முழுக்கப் பறக்கும். அதுவும் கருப்பு, அதற்கும் வில் மாதிரி இறக்கை. ஆனால் அது கம்பியில் உட்காராது. அதனால் பறக்கிற குருவியைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் எதையும் முடிவு செய்யமாட்டார்கள். உட்கார்ந்தால்தான் வந்ததாக அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். நாங்கள் இருந்த வீட்டுக்குப் பெரியப்பா வீடு என்று பேர். அப்பாவுக்கும் அதில் பாதி உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பாதி எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் காட்டியதில்லை. அடுப்பு ஒன்று. அந்த அடுப்பில் எது வேக வேண்டும், எவ்வளவு வேக வேண்டும் என்று சொல்கிறவள் பெரியம்மா. பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டிய அம்மா, ஒரு நாளாவது தன் கையால் உப்பு அள்ளிப் போட்டதை நான் பார்த்ததில்லை. பெரியம்மா கெட்டவள் இல்லை. குரல் உயர்த்த மாட்டாள். அம்மா ஒரு முறை கிணற்றடியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "சண்ட வந்தாலாவது அத்த சாக்கா வச்சிக்கினு தனியாப் போவலாம். அந்த அக்கா சண்டைக்கே வரமாட்டேங்குதே, அதான் பேஜாரா இருக்குது."

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நாலு வயசாகும்போது தம்பி பிறந்தான். அம்மா ஜன்னி கண்டு ஒரு மாசம் படுத்துவிட்டாள். அப்போது பெரியம்மா பாயில் படுக்கப் போன நான் திரும்பி வரவில்லை. தலை வாரிவிடுவது, சோறு போடுவது, பேன் பார்ப்பது எல்லாம் அவள்தான். அம்மாவிடம் எனக்கு ஒரு கூச்சம்கூட உண்டாகிவிட்டது, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி.

அந்த வருஷம் தனி வீடு கட்ட அப்பா ஒருவழியாகச் சரியென்றார். ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு மனை இருந்தது, பெரியப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் ரெண்டு அறையும் ஒரு கூடமும். கல் வெளியில் வாங்குவதில்லை, நாமே அறுத்துச் சுட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. வேப்பம் பலகையில், உள்ளே தகரம் அடித்த ரெட்டை அச்சு ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அம்மாவின் நடையே வேறாக இருக்கும். அந்த அச்சு இப்போது எங்கே என்று தம்பிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆனியில் ஏரி வற்றியதும் வேலை ஆரம்பித்தது. அப்பா மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை நிலத்துக்கு, போவதற்கு முன்னால் ரெண்டு மணி நேரம், அம்மா மத்தியானம் வரை. ஏரிக்குள்ளேயே மேடான ஓரமாகப் பார்த்து மண்ணை வெட்டி, ராத்திரி தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் மிதிப்பார்கள். அழுகின பாசியும் நத்தை ஓடும் சேர்ந்த ஒரு வாடை அந்த மண்ணுக்கு. அச்சில் சாம்பல் தூவி, மண்ணை ஒரே போடாகப் போட்டு, மேலே வழித்து, அலுங்காமல் அச்சைத் தூக்கினால் ரெண்டு பச்சைக் கல் கண் திறந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ரெண்டு நாள் காய்ந்ததும் ஒருக்களித்து வைக்க வேண்டும். அப்புறம் காற்றுப் போகச் சந்து விட்டு அடுக்க வேண்டும். ஆடு ஒன்று ஓடி நாலைந்து கல்லில் குளம்பு பதிந்துவிட்டது. அப்பா அதைத் திரும்ப மண்ணில் போடச் சொன்னார். "ஆட்டுக்கால் பட்டா சுவரு நிக்காதா? கெடக்கட்டும்" என்று அம்மா விடவில்லை.

ஏரிக்குள் இன்னொரு வேலையும் அந்த ஆனியில் நடந்தது. சித்திரையில் அடித்த காற்றில் ரெண்டு கரண்டுக் கம்பம் சேற்றில் சாய்ந்து நின்றன. லைன்மேன் ஆளோடு வந்து கம்பியை இறக்கிச் சுருட்டி, கம்பத்தையும் பிடுங்கி, புது லைனை ரோட்டோரமாகப் புளியமரத்து நிழலுக்குள் கொண்டுபோய்விட்டார். கம்பத்திலிருந்து விழுந்த வெள்ளைப் பீங்கான் குப்பிகளைப் பொறுக்க எங்களுக்குள் அடிதடி. ஒன்று எனக்கு வாய்த்தது. பெரியம்மா அதைக் கழுவி அடுப்போரம் உப்பு போட்டு வைத்துக்கொண்டாள்.

கம்பி போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கம்பி போனால் குருவி எங்கே உட்காரும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோணவில்லை. எனக்கும் தோணவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசி பிறந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் கல்லில், சாயங்காலம் ஆம்பிளைகள் நாலு பேர் உட்காருவார்கள். கம்பி இருந்த இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே வானம்தான் இருந்தது.

"இன்னும் காணமே."

"வர்ற வழியில பஸ்ஸு பஞ்சராயிருக்கும்."

"போன வருசம் இந்நேரம் வந்துட்டுதுங்க. நான் தான் மொதல்ல பார்த்தேன்."

"நீ பார்த்ததப் பார்த்துத்தான் இந்த வருசம் வரல."

அப்பாவும் அங்கே உட்கார்ந்துவிட்டு வருவார். வந்ததும் அம்மா கேட்பாள். குருவி வரவில்லை என்பார். ரெண்டு அறைக்கும் வேண்டிய கல் அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தது.

"ஏங்க, இருக்கிறது போதும். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பி மூட்டிடலாம்."

"கூடத்துக்குக் கல்லு? அத்த எப்ப அறுக்கிறது? குருவியே வரல, மழைக்கு இன்னும் நாள் கெடக்குது. அதுங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிப்போச்சு?"

"அதுங்க வூடு கட்டப் போறதில்ல. நான் கட்டணும்."

அப்பா சிரித்தார். அவருக்கு அம்மா பேச்சு பிடிக்கும். அதன்படி நடக்க மட்டும் பிடிக்காது.

சூளை அடுக்குகிற மேஸ்திரி கண்டமங்கலம் பக்கத்து ஆள். ஒரு நாள் அவரே பஸ் ஏறி வந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருக்கிறது, எப்போது வரட்டும் என்றார்.

"குருவி வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார் அப்பா.

"அண்ணே, இன்னாண்ணே இது. ஆளு கூப்பிடறதுக்குக் குருவிகிட்ட உத்தரவு வாங்கிக்கினு இருக்கிற. வானத்தப் பார்த்து மூட்டுண்ணே."

"வானம் நேத்து ஒன்னு சொல்லுது, இன்னிக்கி ஒன்னு சொல்லுது. குருவி அப்பிடிக் கெடையாது மேஸ்திரி. எங்க அப்பா காலத்திலேர்ந்து பார்த்துக்கினு வர்றோம்."

மேஸ்திரி மோர் குடித்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பெரியம்மாவுக்குப் பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை, கன்னம் வீங்கிவிட்டது. திண்டிவனம்தான் கிட்டம். ஆனால் அங்கே முன்னொரு முறை வலிக்கிற பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது பெரியம்மாவின் தீராத வழக்கு. "எனக்கு விழுப்புரம் தான். நீயும் வா பாப்பா, நான் வாய் பேச முடியாது, நீ பேசு" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். புரட்டாசி ரெண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை. அரைநாள் காத்திருந்து பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அனுப்பினார்கள். பல்லைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பெரியப்பாவிடம் காட்ட வேண்டுமாம், சரியான பல்தான் என்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கண்ணை இருட்டுகிறது என்றாள். ரயில் லைன் ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நிலக்கரிப் புகை வாடை, மழை பெய்யாத ஊரின் புழுதி. தலைக்கு மேலே ஏதோ எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டு அண்ணாந்தேன்.

தண்டவாளத்தோடு போகிற தந்திக் கம்பி, அஞ்சாறு வரிசை. அத்தனையிலும் குருவி. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கம்பியே கருப்பாகத் தடித்துப் போயிருந்தது. ஒரு எஞ்சின் கூவியது. ஒரு பக்கத்துக் குருவிகள் எழும்பி, ஒரு சுற்று சுற்றி, திரும்ப அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. வால் நீளாத இளங்குருவிகளும் அதில் நிறைய. நேற்று முளைத்துவிட்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தன என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் எனக்கு அது முழுசாகப் புரிந்தபாடில்லை.

"பெரியம்மா, கம்பிக் குருவி."

"ம்."

"இங்க வந்துட்டுதுங்களே. நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

பெரியம்மா பஞ்சைத் துப்பிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். "நம்ம ஊர்ல வெட்டவெளியில கம்பி எங்கடி இருக்குது, அதுங்க ஒக்கார."

கலங்கலில் உட்கார்ந்த நாலு ஆம்பிளைக்குத் தோணாதது, வீங்கின கன்னத்தோடு இருந்த அவளுக்குத் தோணியது.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கித் தந்திருந்தாள். அவளால் மெல்ல முடியாது, முழுசும் எனக்கே. விக்கிரவாண்டி தாண்டினதும் என் பக்கம் குனிந்தாள்.

"வூட்ல போயி குருவியப் பார்த்தேன், கிருவியப் பார்த்தேன்னு சொல்லிக்கினு இருக்காத."

"ஏன்?"

"சொன்னா மூட்டிடுவாங்க."

"மூட்டினா?"

"வூடு கட்டுவாங்க."

"கட்டினா?"

"கட்டினா நீ போயிடுவ."

மல்லாட்டைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டு வந்தேன். அவள் என்னை மிரட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. எனக்கும் போக விருப்பம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், "விழுப்புரத்துல இன்னா விசேஷம்?" என்று அம்மா கேட்டாள். கையெல்லாம் முழங்கை வரை மண் காய்ந்து வெளுத்திருந்தது.

"ஒன்னுமில்ல" என்றேன்.

பெரியம்மா முந்தானையை அவிழ்த்துப் பல்லைக் காட்டினாள். எல்லோரும் பல்லைப் பார்த்தோம்.

அதற்கு மறுநாளிலிருந்து அவள் பெரியப்பாவைப் பனை ஓலைக்குத் துரத்த ஆரம்பித்தாள்.

"ஓட்டு வூட்டுக்கு எதுக்குடி ஓலை?"

"மாட்டுக் கொட்டாய்க்கு."

"கொட்டாய் போன வருசம் தான மேஞ்சது?"

"மாடு கேட்டுது. நீ போய் வெட்டிக்கினு வா."

கட்டுக் கட்டாக ஓலை வந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சேர்ந்தது. மாட்டுக்குத்தான் என்று நான் நினைத்தேன். அவள் மனசில் ரெண்டு ஆசையும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது என்று புரிய எனக்கு வயசு தேவைப்பட்டது. சூளை மூட்டக் கூடாது. ஆனால் கல்லும் கரையக் கூடாது. இந்த மழைக்காலம் தாண்டட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் பிள்ளை இங்கே இருக்கட்டும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

அப்பா கூடத்துக்குக் கல் அறுத்துக்கொண்டே இருந்தார். புரட்டாசி சனிக்கிழமைகள் எல்லாம் முடிந்தன. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கல் அடுக்கைத் தாண்டித்தான் வருவேன். ஒரு நாள் அம்மா கூப்பிட்டு, அடுக்கின் மேல் கை வைத்துக்கொண்டு, "இது ஒனக்குப் படிக்கிறதுக்கு ஜன்னல் வச்ச ரூம்பு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்போது சொல்லியிருந்தால்கூட மூட்டியிருக்க நாள் இருந்தது.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மத்தியானம் கிழக்கே இருட்டியது. காற்றில் கடல் உப்பு வாடை வந்தது, எங்கள் ஊருக்குக் கடல் அப்படி ஒன்றும் பக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தை முன்னதாக விட்டார்கள். நான் ஏரிக்கு ஓடினபோது பெரியம்மா எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். ஓலைக்கட்டை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்து போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மேலே ஏறி விரித்தாள். அப்பா கல்லை வைத்து அழுத்தினார். பெரியப்பா கயிறு கட்டினார். பெரியம்மாவின் உள்ளங்கை ஓலைக் கருக்கு கிழித்து ரத்தமாக இருந்தது. முதல் தூறல் விழும்போது முக்கால்வாசி மூடிவிட்டார்கள்.

ஒரு நாள் மழைக்கு அது போதும். மழை நாலு நாள் பெய்தது.

பச்சைக் கல் கரைவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மூலை போகும். அப்புறம் விளிம்பு உருளும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விட்ட சந்து மூடிக்கொள்ளும். மேலிருந்து வந்த தண்ணீரை ஓலை தாங்கியது. மூன்றாம் நாள் ஏரிக்குத் தண்ணீர் வரத்து ஆரம்பித்து, மேடான ஓரம் என்று நாங்கள் நம்பியிருந்த இடத்தையும் தொட்டது. அடி வரிசை நனைந்ததும் மொத்த அடுக்கும் அப்படியே உட்கார்ந்தது. சத்தமே கேட்கவில்லை. ஓலை மட்டும் மேலே மிதந்து நின்றது.

"குருவி ஏமாத்திடுச்சு" என்றார் அப்பா.

கலங்கல் கல்லும் அதையே சொன்னது. அந்த வருஷம் குருவி லேட்டு, குருவி வராமலே மழை வந்துவிட்டது என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். எந்த வருஷம் என்று கேட்டால் கல் கரைந்த வருஷம் என்பார்கள். குருவி அந்த வருஷமும் அது வருகிற நாளில்தான் வந்தது. எங்கேயோ வடக்கே, பூச்சி குறைந்து பகல் சுருங்கினதும் கிளம்பி வருகிற பறவை அது. நம் மழைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை ஒன்றும் கிடையாது. பத்து மைல் தள்ளிப் போய்ப் பார்த்திருந்தால் எந்தக் கம்பியிலாவது பார்த்திருக்கலாம். அப்பா திண்டிவனம் சந்தைக்கு வாரா வாரம் போனவர். அங்கேயும் கம்பி உண்டு. ஊர்க் குருவியை ஊரில்தான் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

அம்மா அழவில்லை. அச்சை ஏரித் தண்ணீரில் கழுவி, ஆணியில் மாட்டினாள். அன்றைக்குச் சாப்பிடும்போது, "தை பொறக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

தை பிறந்தது. ஏரி நிறையத் தண்ணீர், அதனால் எங்கள் கொல்லை மூலையிலேயே குழி வெட்டினார்கள். முதல் நாள் அம்மா மண்ணில் இறங்கினபோது பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் வந்தாள். அடுப்பைக் காலையில் ஒரு சுற்று முடித்துவிட்டு வெயில் ஏறும்வரை மிதிப்பாள். ரெண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாகச் சுற்றி வருவார்கள். பேச்சு பெரும்பாலும் மண்ணைப் பற்றித்தான் இருக்கும். தண்ணி போதுமா, மணல் கலக்கணுமா.

பங்குனியில் ஊரை விட்டுக் குருவிகள் போய்விடும். சித்திரை பிறந்த பிறகும் ஏழெட்டு மட்டும் போகாமல், தையில் எங்கள் கிணற்றுக்குப் புதுசாக மோட்டார் வைத்து இழுத்த கம்பியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு வாலில் ஒரு பக்கம் இல்லை. இன்னொன்று புது இறகு முளைத்துக் கலைந்துபோய் இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து லீவுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"விழுப்புரத்துல எத்தினி இருந்துச்சுக்கா?"

பெரியம்மாவின் கால் ஒரு தரம் நின்று, திரும்ப நடந்தது.

"எத்தினின்னு எண்றது. கம்பியே தெரியல."

"ம்."

"ஏசணும்னா ஏசிடு."

"ஏசி இன்னா பண்றது. அந்தாண்ட மூலையில கட்டி கெடக்குது பாரு, அத்த மிதி."

அவ்வளவுதான். நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? பல் பிடுங்கப் போய்விட்டு வந்த ஆள், மறுநாளே மாட்டுக்கு ஓலை கேட்டால் தெரியாதா என்று இப்போது நினைக்கிறேன். கேட்டதில்லை. அப்பாவிடம் அம்மா இதைச் சொல்லவும் இல்லை. கடைசி வரைக்கும் அவர் குருவி மேல்தான் கோபமாக இருந்தார்.

வைகாசியில், நல்ல வெயிலில் சூளை மூட்டினார்கள். மேஸ்திரி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "குருவி வந்துட்டுதாண்ணே?" என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். "அதுங்க வர்றப்ப வரட்டும், நீங்க ஜல்தி நெருப்ப வையுங்க" என்றாள் அம்மா. மூன்று நாள் எரிந்தது. நெல் உமியும் வேலிகாத்தான் கட்டையும் எரிகிற அந்த வாடை எங்கள் துணியிலெல்லாம் ஒரு மாசம் வீசியது. பிரித்தபோது கல் எல்லாம் நல்ல சிவப்பு.

ஆவணியில் வீடு முடிந்தது. ரெண்டு அறைதான், கூடம் அப்புறம் என்று விட்டுவிட்டார்கள். பால் காய்ச்சின அன்றைக்கு அம்மா தன் அடுப்பில், தன் கையால் உப்பு போட்டு, சாம்பார் வைத்தாள். கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்துவிட்டார்கள். பெரியப்பா முன்னாலேயே போய்விட்டார். பெரியம்மா பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நான் கெளம்பறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நின்று திரும்பவும் சொன்னாள். அம்மா புதுப் பாய்களை உதறித் தனக்கும் தம்பிக்கும் எனக்கும் வரிசையாக விரித்தாள், அப்பாவுக்குக் கனமான பழைய ஜமக்காளம் தனியாக. எனக்கென்று விரித்த பாய் ஜன்னல் ஓரம் இருந்தது. நான் அதற்கும் வாசலுக்கும் நடுவில் நின்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மா குனிந்து அந்தப் பாயைச் சுருட்டினாள். சுருட்டி என் கக்கத்தில் செருகினாள்.

"அக்கா, இவளக் கூட்டிக்கினு போ. இங்க சுவரு இன்னும் ஈரம் காயல, இவளுக்குச் சளி புடிக்கும்."

பெரியம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாசமாக வெயில் காய்ந்த சுவர்.

"எப்ப காயும்?"

"அது காயற அன்னிக்கிக் காயும். காலையில எட்டு மணிக்கெல்லாம் அனுப்பிடு, கூழு இங்கதான் குடிக்கணும்."

எனக்குக் கல்யாணம் ஆகி வானூருக்குப் போகிற வரைக்கும் அந்தச் சுவர் காயவில்லை.